குப்பை பொறுக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் எதை நம்பி நிற்கும்?

கேள்வி இது: ஒரு நடுத்தர நகரத்தின் குப்பைமேட்டில் அட்டை, பிளாஸ்டிக், இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் 40 பெண்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்க நினைக்கிறீர்கள். ஒரு அறக்கட்டளை 3 ஆண்டுக்கு நிதி தருகிறது. கழிவை அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரமும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. அந்த 3 ஆண்டு முடிந்த பிறகு சங்கம் சொந்தக் காலில் நிற்குமா?

நான் பல வருடம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன். பால், நெசவு, மீனவர் சங்கம் என்று பலவற்றின் வரவு செலவைப் பார்த்திருக்கிறேன். குப்பை பொறுக்குபவர்களின் சங்கங்களைப் பற்றிக் கடந்த பத்தாண்டாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பொறுக்கிய பொருளை விற்று வரும் காசை மட்டும் நம்பித் தொடங்கினால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும், உங்கள் சங்கம் நிற்காது என்பதுதான் என் பதில். அந்தப் பெண்கள் ஊருக்குச் செய்யும் வேலைக்கு ஊர் கூலி கொடுக்க வேண்டும். அது கிடைக்க வழி செய்துவிட்டால் சங்கம் நிற்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் காயலான் கடையிலிருந்து தொடங்குவோம். சங்கம் தொடங்க வருகிற எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம், "இடைத்தரகரை நீக்கிவிட்டால் அந்த லாபம் பெண்களுக்குப் போகும்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் என்னவெல்லாம் செய்கிறார் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். சாயங்காலம் மூட்டையை இறக்கிய உடனே கையில் பணம் தருகிறார். மழை நாளில் வருமானம் இல்லை என்றால் அரிசிக்கு முன்பணம் தருகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்கும் அவர் கதவைத் தட்டலாம். நனைந்த அட்டை, அழுக்குப் பால் கவர், எதில் சேர்ப்பது என்று தெரியாத கலவைப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஏதோ ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறார். இதற்கெல்லாம் அவர் வசூலிக்கும் விலை கொடியது. தராசு அவர் பக்கம் சாயும், முன்பணம் வாங்கியவள் வேறு கடைக்குப் போக முடியாது, விலை ஏறினால் அவளுக்குத் தெரியாது, இறங்கினால் அன்றைக்கே தெரியும். அநியாயம்தான். ஆனாலும் அவர் செய்வது ஒரு வேலை. அந்த வேலையைச் சங்கம் செய்யாவிட்டால் பெண்கள் மூன்றாம் வாரமே பழைய கடைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பெண் நாளைக்கு 25 கிலோ கொண்டுவருகிறாள், சராசரியாகக் கிலோவுக்கு 12 ரூபாய். 40 பேருக்கு 1,000 கிலோ, 12,000 ரூபாய். அதைத் தரம் பிரித்துப் பெரிய வியாபாரிக்கு விற்றால் கிலோவுக்கு 3 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 3,000, மாதம் 26 நாளுக்கு 78,000 ரூபாய். இதற்குள் கிடங்கு வாடகை, தராசில் நிற்பவர் சம்பளம், கணக்கெழுதுபவர் சம்பளம், மின்சாரம், வண்டி வாடகை, சேதாரம் எல்லாம் அடங்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு அன்றன்றைக்குப் பணம் தர வேண்டும். ஆலையோ 30 நாள், 45 நாள் கழித்துத்தான் தரும். அதாவது மாதம் 26 வேலை நாள் கணக்கில் சுமார் 3.1 லட்சத்திலிருந்து 4.7 லட்சம் ரூபாய் வரை எப்போதும் வெளியே நின்றுகொண்டே இருக்கும். இந்த நடைமுறை மூலதனம் இல்லாமல் தொடங்கிய சங்கம் முதல் மாதக் கடைசியிலேயே "நாளைக்கு வாங்கிக்கொள் அக்கா" என்று சொல்ல ஆரம்பிக்கும். அன்றைக்கே அந்தப் பெண்ணின் நம்பிக்கை போய்விடும்.

இதற்கு மேல் விலைச் சரிவு வேறு. 2008 இறுதியில் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது பழைய பேப்பர், பிளாஸ்டிக், உலோகத்தின் விலை பல நாடுகளில் ஒரே நேரத்தில் சடசடவென்று விழுந்தது. சீனா 2018 ஜனவரி முதல் வெளிநாட்டுக் கழிவுப் பிளாஸ்டிக்கையும் தரம் பிரிக்காத காகிதத்தையும் வாங்குவதை நிறுத்தியபோது மறுபடி ஒரு அடி. 2020ல் கொரோனா. மேலே போட்ட கணக்கில் கிலோவுக்கு 3 ரூபாய் விலை குறைந்தால் மிச்சம் அத்தனையும் போய்விடுகிறது. கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பும் கூடவே இறங்குகிறது. தனிக் கடைக்காரர் அந்தக் காலத்தில் பெண்களுக்குத் தரும் விலையைப் பாதியாக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். தன் உறுப்பினர்களுக்கு அதைச் செய்ய மனம் வராத சங்கம்தான் முதலில் மூழ்கும். இது எனக்கு இன்றைக்கும் வேதனை தரும் விஷயம்: நல்ல மனசு இருந்த சங்கங்களே அதிகம் மூடப்பட்டிருக்கின்றன.

சரி, நின்ற சங்கம் எது? எனக்குத் தெரிந்தவரை இந்தியாவில் நெடுநாள் நின்றது புனே நகரத்தின் 'ஸ்வச்'. அதன் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் பல விஷயம் புரியும்.

1990 வாக்கில் புனேயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறையினர் குப்பை பொறுக்கும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். லட்சுமி நாராயண், பூர்ணிமா சிக்கர்மானே ஆகியோர் அதில் இருந்தவர்கள். போன இடத்தில் அம்மாக்களின் வருமானம் சரியாகாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. 30 பெண்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, சில குடியிருப்புகளில் வீடுகளே பிரித்துத் தரும் குப்பையை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். தொட்டிக்குள் கைவிட்டுக் கிளறிய பெண்களுக்குச் சுத்தமான காகிதமும் பாட்டிலும் கையில் கிடைத்தன. வேலை நேரம் குறைந்தது, வருமானம் கூடியது. உடனே ஒரு தொழில்முனைவோர் மோட்டார் வண்டியோடு வந்து அதே வீடுகளின் குப்பையைத் தான் எடுக்கிறேன் என்றார். மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய சிப்கோ பெண்களைப் போல இந்தப் பெண்கள் குப்பைத்தொட்டிகளைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள்.

குப்பைக்கு மதிப்பு வந்த நொடியில் அதற்குப் போட்டி வரும். அதனால் குப்பையைத் தொடும் உரிமைதான் இந்தத் தொழிலின் உண்மையான மூலதனம் என்பதைப் புனே பெண்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டார்கள். 1993ல் அவர்கள் கூட்டிய மாநாட்டுக்கு 800க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களை அமைப்பாக்கிய பாபா ஆதவ் முன்னின்றார். அங்கே பிறந்தது 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் தொழிற்சங்கம். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். ஸ்வச் என்னும் கூட்டுறவு அமைப்பு முறையாக வந்ததோ 2007ல். இடைப்பட்ட 14 ஆண்டில் என்ன செய்தார்கள் என்பதைத்தான் கூட்டுறவு தொடங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும்.

மாநகராட்சியின் ஒப்புதல் முத்திரையோடு அடையாள அட்டை வாங்கினார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் விடியற்காலையில் சாக்கோடு நடக்கும் பெண்ணைத் திருடி என்று பிடிக்கும் போலீசுக்கும், குடியிருப்பு வாசலில் விரட்டும் காவலாளிக்கும் காட்ட அவளிடம் ஒரு காகிதம் வந்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். சாதிதான் அவர்களை அந்தத் தொட்டிக்குள் தள்ளியது. அரசாங்க முத்திரை குத்திய அட்டை அவர்களை முதன்முதலாகத் தொழிலாளி என்று அழைத்தது. பிறகு மருத்துவக் காப்பீட்டுக்கு மாநகராட்சியைப் பணம் கட்ட வைத்தார்கள். சேமிப்பு, கடன் சங்கம் ஒன்றைத் தனியாகத் தொடங்கினார்கள். கடைக்காரரின் முன்பணப் பிடியிலிருந்து விடுபட்டது அதன் வழியாகத்தான். 'கஷ்டாச்சி கமாய்' என்ற பெயரில், உழைப்பின் சம்பாத்தியம் என்று அர்த்தம், உறுப்பினர்களே நடத்தும் பழைய பொருள் கடை திறந்தார்கள். சந்தை விலை, நேரான தராசு, ஆண்டுக் கடைசியில் மிச்சம் வந்தால் போனஸ். அதாவது காயலான் கடைக்காரர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஏற்பாடு கையில் இருந்தது.

அதற்குள் 2000ஆம் ஆண்டின் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வீடு வீடாகக் குப்பை சேகரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. எல்லா நகரத்திலும் லாரிக் கம்பெனிகள் வாசலில் நின்றன. புனேயில் மட்டும், ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பவர்கள் நாங்கள் என்று சொல்ல ஒரு அமைப்பு இருந்தது. 2008ல் மாநகராட்சியும் ஸ்வச்சும் 5 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டன. ஏற்பாடு இப்படி: இரண்டு பெண்கள் ஒரு தள்ளுவண்டியோடு குறிப்பிட்ட வீடுகளுக்குப் போகிறார்கள். வீட்டார் மாதாமாதம் ஒரு சிறு கட்டணத்தை அந்தப் பெண்ணிடமே கொடுக்கிறார்கள். மக்கும் குப்பை மாநகராட்சி வண்டிக்குப் போகிறது. விற்கக்கூடிய குப்பை அந்தப் பெண்ணுடையது. தள்ளுவண்டி, கையுறை, நிர்வாகச் செலவு மாநகராட்சியின் பொறுப்பு. குடிசைப் பகுதிகளுக்கு மாநகராட்சி மானியம் சேர்த்துக் கொடுக்கிறது. இப்போது 3,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இயக்குநர் குழுவில் பெரும்பான்மை குப்பை சேகரிக்கும் பெண்களே.

இந்த அமைப்பில் தணிக்கைக்காரனாக நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. வருமானத்தை ஒரே உண்டியலில் போட்டுப் பங்கு பிரிக்கும் ஏற்பாடு அல்ல இது. என் வீடுகள், என் கட்டணம், என் பாட்டில். ஒருத்தி நாலு நாள் வராவிட்டால் அவள் வருமானம்தான் குறையும், அடுத்தவள் சோற்றில் மண் விழாது. பல கூட்டுறவுகளை உள்ளுக்குள் அரித்தது "நான் மாடாய் உழைக்கிறேன், அவளுக்கும் அதே பங்கா" என்ற பேச்சுதான். பிரேசிலில் பெரிய கொட்டகைகளில் குப்பை நகர்ந்து வரும் இயந்திரப் பட்டைக்கு முன் வரிசையாக நின்று தரம் பிரிக்கும் சங்கங்களில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். மணிக்கணக்குப்படி பிரிப்பதா, எடைப்படியா, சமமாகவா என்று மாதாமாதம் சண்டை. கொட்டகை முறை தவறு என்று சொல்லவில்லை. அதற்கு நன்றாகக் கணக்கெழுதும் ஆளும், முகத்துக்கு நேராகப் பேசித் தீர்க்கும் கூட்டப் பழக்கமும் முன்பே இருக்க வேண்டும்.

ஆனால் புனேயும் பாதுகாப்பான கரையில் இல்லை. 2013ல் முதல் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்தது 2016ல்தான் கையெழுத்தானது. இடையில் காகிதமே இல்லாமல் பெண்கள் தினமும் வேலைக்குப் போனார்கள். 2020 முடிவில் இரண்டாம் ஒப்பந்தமும் முடிந்தது. குறுகிய நீட்டிப்புகள் வந்தன, தனியாருக்கு டெண்டர் விடும் பேச்சு வந்தது, பெண்கள் மீண்டும் மாநகராட்சி வாசலில் உட்கார வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர்களுக்காக எழுந்த குரல்களில் குடியிருப்புவாசிகளின் குரல் முக்கியமானது. தினமும் முகம் பார்த்துக் குப்பை கொடுக்கும் வீட்டுக்கும் வாங்கும் பெண்ணுக்கும் இடையில் உண்டாகும் பழக்கத்தை எந்த லாரிக் கம்பெனியாலும் வாங்க முடியாது. கட்டணம் கொடுக்க மறுக்கும் வீடுகளும் எல்லா வட்டத்திலும் உண்டு. அந்தப் பாக்கியை வசூலிக்கும் சுமை பெண்கள் தலையில்தான் விழுகிறது. இது அந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். சொத்து வரியோடு வசூலித்துச் சங்கத்துக்குக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அப்படிச் செய்தால் அதிகாரி கையெழுத்துக்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டி வரலாம். எதை ஏற்பது என்பதை உங்கள் ஊர் நகராட்சி எவ்வளவு ஒழுங்காகப் பணம் பட்டுவாடா செய்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முன்பு போட்ட கணக்கை இந்த முறையில் திருப்பிப் போடுங்கள். 40 பெண்கள், 20 ஜோடி. ஜோடிக்கு 250 வீடு என்றால் 5,000 வீடு. வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் என்றால் 3 லட்சம். ஆளுக்கு 7,500 ரூபாய், பழைய பொருள் விலை ஏறினாலும் இறங்கினாலும் வரும். அதற்கு மேல் பிரித்து வாங்கிய சுத்தமான பொருளை விற்கும் காசு. சந்தை சரிந்தால் வயிறு சுருங்கும், ஆனால் அடுப்பு அணையாது. முதல் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், கட்டு கட்டும் இயந்திரம் எவ்வளவு சின்ன விஷயம் என்பது விளங்கும்.

"அப்படியானால் மாநகராட்சி தரும் பணம் மானியம்தானே, அது சொந்தக் கால் ஆகுமா" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. லாரிக் கம்பெனிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று நகராட்சி கொடுத்தால் அதன் பெயர் ஒப்பந்தத் தொகை. அதே வேலையைச் சாக்குத் தூக்கும் பெண் செய்து, குப்பைமேட்டுக்குப் போக வேண்டிய டன்களைக் குறைத்து, அதில் பாதிப் பணம் கேட்டால் அதன் பெயர் மானியமாகிவிடுகிறது. இதுவரை அவள் பொறுக்கி எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் லாரி டீசலும் கொட்டும் இடமும் நகரத்துக்கு மிச்சம். அந்த மிச்சம் எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படவில்லை. உண்மையில் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றவர்கள் கொலம்பியாவின் போகோட்டா நகரத்துக் குப்பை சேகரிப்பாளர்கள். 1990ல் அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். 1992ல் அதே நாட்டின் பாரன்கீயா நகரில் குப்பை பொறுக்கும் ஏழைகளை ஒரு பல்கலைக்கழகத்துக்குள் வரவழைத்துக் கொன்று உடலை விற்ற கொடூரம் வெளியே வந்தது. மார்ச் 1ஐ உலகெங்கும் குப்பை சேகரிப்பாளர் நாளாகக் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகத்தான். போகோட்டா நகரம் குப்பை அள்ளும் பணியை பெரிய கம்பெனிகளுக்கு ஏலம் விட்டபோது, தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்களை வெளியே தள்ளுவது அவர்களின் வாழும் உரிமையைப் பறிப்பது என்று வழக்குப் போட்டார்கள். 2003ல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நகரம் அதைச் சரியாக மதிக்கவில்லை. 2011 டிசம்பரில் அதே நீதிமன்றம் புதிய ஏலத்தையே நிறுத்திவைத்தது. 2013 மார்ச்சில் நகரம் முதன்முறையாக, கம்பெனிகளுக்குத் தருவதுபோல, சேகரித்த எடைக்கு ஏற்ப இவர்களுக்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரான நோரா பதீயாவுக்கு அதே ஆண்டு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. மூன்றாம் தலைமுறையாகக் குப்பையில் பிழைத்த குடும்பத்துப் பெண் அவர்.

பணம் வரத் தொடங்கியதும் வேறொரு தொல்லை வந்தது. 2016ல் அரசு ஆணை ஒன்று இந்த அமைப்புகளை முறையான பொதுச்சேவை நிறுவனங்களாக மாறச் சொல்லிப் படிப்படியான கால அட்டவணை கொடுத்தது. உடனே புதுப்புது அமைப்புகள் முளைத்தன. கிடங்கு முதலாளிகளே சங்கம் என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு எடைப்பணத்தை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. கம்ப்யூட்டரில் எடை ஏற்றுவதும் மாதாந்தர அறிக்கை தருவதும் எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குச் சுமையாயின. நம் ஊரில் போலிச் சங்கம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர் பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. மாதக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினரும் காதால் தணிக்கை செய்ய முடியும், நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பிரேசிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் அந்த நாடு முன்னோடி. 2002ல் குப்பை சேகரிப்பை அங்கீகரிக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. 2007ல் இந்தக் கூட்டுறவுகளை டெண்டர் இல்லாமலே நகராட்சி ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்றது. 2010ல் தேசியத் திடக்கழிவுச் சட்டம் அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் 'எடுக்கலாம்' என்று எழுதிய சட்டத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த நகராட்சியும் வாசிப்பதில்லை. சாவ் பாவ்லோவுக்குப் பக்கத்தில் டியடேமா போல எடைக்குக் கூலி கொடுத்த நகரங்கள் சில, கொட்டகையை மட்டும் கொடுத்துக் கைகழுவியவை பல. ரியோ நகரத்தின் ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டை 2012 ஜூனில் மூடியபோது அங்கே வேலை செய்த சுமார் 1,700 பேருக்கு ஆளுக்கு பிரேசில் நாணயத்தில் ஏறக்குறைய 14,000 ரெயால் இழப்பீடு கொடுத்தார்கள். ஒரு தடவைப் பணம். வேலை போனது என்றைக்குமாக. உங்கள் ஊர்க் குப்பைமேட்டையும் பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றி, மூடப்போகிறார்கள் என்றால் இந்தக் கிராமாச்சோவை மனதில் வையுங்கள்.

குப்பையைத் தொடும் உரிமை போனால் என்ன ஆகும் என்பதற்கு கெய்ரோவைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அங்கே ஜபாலீன் என்னும் மக்கள் பல பத்தாண்டாக வீடு வீடாகக் குப்பை எடுத்து, சாப்பாட்டுக் கழிவைப் பன்றிக்குப் போட்டு, மற்றதில் பெரும்பங்கை மறுசுழற்சிக்குக் கொடுத்து வந்தார்கள். 2003ல் நகரம் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஒப்பந்தப்படி அவர்கள் ஐந்தில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்தால் போதும். 2009ல் பன்றிக்காய்ச்சல் பயத்தில் அரசு சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொன்றது. தெருக்களில் சாப்பாட்டுக் கழிவு அழுகி மலையாய்க் குவிந்த பிறகுதான் யார் நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்பது நகரத்துக்கு உறைத்தது.

இனி விலைபோகாத பிளாஸ்டிக் பற்றி. அலுமினிய டப்பா, பெட் பாட்டில், அட்டை ஆகியவை தாமே தம்மைக் காப்பாற்றிக்கொள்ளும். பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் பொறுக்கும் நேரம் அந்தப் பெண்ணுக்கு நட்டம். உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் சான்றிதழ் வியாபாரத்திலேயே நின்றுவிடுகிறது. தெருவில் பொறுக்கும் கை வரை வருவது அரிது. எனவே சங்கம் யாரோடும் ஒப்பந்தம் போட்டால் பொருளின் விலை வேறு, அதைப் பொறுக்கிய கூலி வேறு என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள். பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களைச் சுற்றாமல் போடுவதால் அதைக் கையால் பிரிக்கும் கொடுமையைச் சொல்ல, புனே பெண்கள் 2013ல் அவற்றைப் பொட்டலம் கட்டி உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தார்கள். அவற்றைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளில் உறை செய்தும் விற்றார்கள். எதிர்ப்பும் மாற்று வழியும் ஒரே கையிலிருந்து வந்தன.

பிள்ளைகள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள், அப்போது சங்கம் எப்படி நீடிக்கும் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. வரக்கூடாது என்பதற்காகத்தானே அந்த அம்மாக்கள் இவ்வளவும் செய்கிறார்கள். அம்மாவின் முதுகு வளையாமல், அவளுக்குக் காப்பீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் இருந்து, பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனால் சங்கம் ஜெயித்துவிட்டது. வேலை முறைப்படுத்தப்பட்டுக் கூலி நியாயமானால் புதிதாக வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பழைய உறுப்பினர்கள் தினக்கூலியாக வைத்துக்கொள்ளாமல் உறுப்பினராகவே சேர்க்க வேண்டும் என்பதைத் துணைவிதியில் எழுதிவையுங்கள். சங்கங்கள் முதலாளியாக மாறுவது அந்த வாசல் வழியாகத்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1989ல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்னும் தன்னார்வ அமைப்பு, குப்பை பொறுக்கியவர்களை 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' (தெருவை அழகாக்குபவர்) என்ற பெயரில் மூன்று சக்கர வண்டியோடு தெருக்களுக்கு அனுப்பியது. தெருவாசிகள் மாதம் பணம் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அது தெருவாசிகளின் நல்லெண்ணத்தில் நின்றது. புனேயில் பெண்களிடம் சொந்தமாக ஒரு தொழிற்சங்கம் இருந்தது. 2016ல் வந்த மத்திய திடக்கழிவு விதிகள் குப்பை சேகரிப்பாளர்களின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதின. 2024ல் துப்புரவுத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்திலும் அவர்களைச் சேர்த்தார்கள். காகிதத்தில் இடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குள் போக வேண்டியது உங்கள் வேலை.

எனவே அறக்கட்டளையிடம் இப்படிக் கேளுங்கள். இயந்திரத்துக்கு வைத்த பணத்தை முதல் ஆண்டு நடைமுறை மூலதனமாக வங்கியில் போட்டு, பெண்களுக்கு அன்றன்றைக்குப் பணம் தர அதைப் பயன்படுத்தலாமா? மீதியில் நல்ல மின்தராசு ஒன்று, கணக்கெழுத ஒரு ஆள், சிறு கடன் தர ஒரு நிதி. மூன்று ஆண்டில் அவர்கள் கொடுத்த பணத்தைவிடப் பெரிய பயன், அந்த மூன்று ஆண்டுக்குள் நகராட்சியோடு ஒப்பந்தம் போட அது கொடுக்கும் அவகாசம்தான். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், 5 ஆண்டு கேளுங்கள். அது முடிவதற்கு ஓர் ஆண்டு முன்பே புதுப்பிக்கும் பேச்சு தொடங்க வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். காயலான் கடைக்காரரை முதல் நாளே பகைத்துக்கொள்ள வேண்டாம். சங்கம் எடுக்க முடியாத சரக்கை அவர்தான் வாங்கப்போகிறார்.

இதற்கெல்லாம் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 40 பேரின் பெயர், படம், எத்தனை வருடமாக எந்த இடத்தில் வேலை செய்கிறார்கள், நாளைக்கு எத்தனை கிலோ என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். நகராட்சி ஆணையருக்கு முகவரியிட்டு, தபால் பிரிவில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அப்படியே உங்கள் ஊர்க் குப்பை ஒப்பந்தத்தின் தற்போதைய டெண்டர் எந்த மாதம் முடிகிறது என்றும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.